உங்கள் வேலைக்கு ஒரு பாட்டு இருக்கிறதா?

நம் ஊர் கல்யாண விருந்துகளில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். மண்டபத்தில் விளக்கை அணைப்பார்கள். வாசல் பக்கம் மட்டும் வெளிச்சம் விழும். ஒலிபெருக்கி ஒரு முறை அதிரும். மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே வருவார்கள். அந்த இரண்டு நிமிடப் பாட்டை முடிவு செய்ய வீட்டில் எத்தனை நாள் பேச்சு நடந்திருக்கும் என்பது, தங்கைக்குத் திருமணம் செய்து வைத்த அண்ணன்மாருக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு என்னென்ன என்பதுகூட அதற்கு முன்பே முடிவாகியிருக்கும்.

ஒரே ஒரு நாள் நுழைவுக்கு இவ்வளவு யோசிக்கிறோம். ஆண்டு முழுக்க விடியற்காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு, தொழிற்சாலைப் பேருந்திலோ மோட்டாரிலோ வேலைக்குப் போகிறோமே, அந்த நுழைவுக்கு ஒரு பாட்டு உண்டா? விளையாட்டாகக் கேட்கவில்லை. தனக்கென்று ஒரு பாட்டை வைத்துக்கொண்டு, அதைக் கேட்டதும் எழுந்து வேலையைத் தொடங்குவது பலருக்கு உண்மையாகவே கைகொடுக்கிறது. அது ஏன், எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் வாழ்க்கையில் ஒரு மோசமான ஆண்டில் அது எனக்கு உதவியது. அந்தக் கதையும் பிறகு வரும்.

இதை வெள்ளைக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்துச் சொன்னதாக நினைக்க வேண்டாம். வயலில் நாற்று நட்டவர்கள் பாடினார்கள். ஏற்றம் இறைத்தவர்கள் எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கையே பாட்டுக்குள் வைத்துப் பாடினார்கள். கப்பலேறி இங்கே வந்தவர்கள் தெம்மாங்கையும் தாலாட்டையும் கூடவே கொண்டு வந்தார்கள். பிறகு சினிமா வந்தது. எம்.ஜி.ஆர். படப் பாட்டுகளைத் தோட்டங்களில் எந்த அளவுக்குப் பாடினார்கள் என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உழைப்பாளிகளின் மனத்தைப் பாட்டாக்கிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் மறைந்தபோது அவருக்கு வயது 29தான். அவர் வரிகள் இன்னும் கிழவர்கள் வாயில் இருக்கின்றன.

அடுத்த தலைமுறைக்கு ரஜினி. 1992-இல் வந்த ‘அண்ணாமலை’யில் அவர் பெயர் திரையில் எழுத்தெழுத்தாக வரும்போது தேவா போட்ட இசை, பிறகு அவரது அடையாளமாகவே ஆகிவிட்டது. 2006-இல் நம் நாட்டு யோகி பி-யும் நட்சத்திராவும் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, ராப் பாட்டும் தமிழில் நெஞ்சை நிமிர்த்தும் என்று இங்குள்ள இளையோருக்குத் தெரிந்தது. 2016-இல் ‘கபாலி’ வந்தது. மலேசியத் தமிழர்களின் கதை, பல காட்சிகள் இங்கேயே எடுத்தவை. அருண்ராஜா காமராஜ் உறுமிய பாட்டு அந்த ஆண்டு எத்தனை பேரின் கைப்பேசியில் அழைப்பொலியாக இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கதாநாயகனுக்கு ஒரு பாட்டு உண்டு என்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். அதை நமக்கென்று எடுத்துக்கொள்ளத்தான் கூச்சப்படுகிறோம்.

என் அம்மாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்க நானும் கூடப் போவேன். அவர் வாய் எப்போதும் ஒரே பாட்டைத்தான் முணுமுணுக்கும். டி.எம்.எஸ். பாடிய பழைய பாட்டு. எனக்குச் சலிப்பாக இருக்கும். “ஏம்மா இதையே பாடுற?” என்று ஒரு நாள் கேட்டேன். “இந்தப் பாட்டு முடியிறதுக்குள்ள எட்டு மரம் முடிஞ்சிருக்கணும்டா” என்றார். அவ்வளவுதான் பதில். அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

அவர் கையில் கடிகாரம் கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்நூறு மரத்துக்குக் குறையாது. ஐந்நூறு என்று நினைத்தால் முதல் மரத்திலேயே கை ஓய்ந்துவிடும். எட்டு என்று நினைத்தால் முடியும். பாட்டு அவருக்குக் கடிகாரமாக இருந்தது, ஐந்நூறை எட்டு எட்டாகப் பிரித்தும் கொடுத்தது. இதை நான் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோஸ்டாஸ் கராகியோர்கிஸ் பல ஆண்டுகளாக இசையையும் உடற்பயிற்சியையும் ஆராய்ந்தவர். ஒரு பாட்டு ஒருவருக்கு ஊக்கம் தருவதற்கு நான்கு காரணங்களை அவர் சொல்கிறார். தாளமும் மெட்டும் பாட்டுக்குள் இருப்பவை. அந்தப் பாட்டு நம் சமூகத்தில் எப்படிப் பழகியிருக்கிறது, அது நமக்கு எதை நினைவூட்டுகிறது என்ற மற்ற இரண்டும் கேட்பவரிடம் இருப்பவை. 2009-இல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வு ஒன்றில், ஓடுபொறியில் நடந்தவர்கள் தங்கள் நடைக்கு இசைந்த ஊக்கப் பாட்டுகளைக் கேட்டபோது, பாட்டே இல்லாமல் நடந்ததைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள்.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. மிதமான உழைப்பில்தான் பாட்டு களைப்பை மறக்கச் செய்யும். மூச்சு வாங்கும் அளவுக்குக் கடுமையான வேலையில் உடம்பின் வலி பாட்டை அமுக்கிவிடும். அதனால் முடியாத உடம்பைப் பாட்டுப் போட்டு விரட்டாதீர்கள்.

எத்தியோப்பியாவின் ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசியின் கதை இந்தத் துறையில் எல்லாரும் சொல்வது. 1998 பிப்ரவரியில் பர்மிங்காம் உள்ளரங்கில் 2,000 மீட்டர் ஓட்டத்தின்போது ‘ஸ்கேட்மேன்’ என்ற பாட்டு அரங்கில் ஒலித்தது. அதன் தாளம் தன் காலடிக்குச் சரியாகப் பொருந்துகிறது என்பது அவர் கணக்கு. 4 நிமிடம் 52.86 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். பாட்டு இல்லாவிட்டால் சாதனை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் ஏற்கெனவே ஒலிம்பிக் தங்கம் வென்ற மனிதர். ஆனால் தன் காலுக்கு எந்தப் பாட்டு என்று அவர் தெரிந்து வைத்திருந்தார் பாருங்கள், நமக்கு வேண்டியது அதுதான்.

இன்னொரு செய்தி கனடாவிலிருந்து. மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெய்சிலிர்க்க வைக்கும் பாட்டைக் கேட்கும்போது மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரப்பதை 2011-இல் காட்டினார்கள். நமக்கு வேலை செய்யத் தூண்டுதலைத் தருவதில் இந்த டோபமினுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு வியப்பளித்தது அடுத்த விவரம். பாட்டின் உச்சத்தில் மட்டுமல்ல, அந்த உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும் விநாடிகளிலேயே டோபமின் சுரக்கிறது. பழகிய பாட்டின் முதல் தட்டல் விழுந்தவுடனே உடம்பு நிமிர்வது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைத் தாங்களே கொண்டுவந்திருந்தார்கள்.

இனி என் கதை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குச் சில மாதங்கள் கழித்து, நான் 19 ஆண்டுகள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தது. எனக்கு 46 வயது. முதல் மாதம் கோபம். இரண்டாவது மாதம் விண்ணப்பம் எழுதினேன். மூன்றாவது மாதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மகன் முன்கூடத்தில் இணையவழி வகுப்பில் உட்கார்ந்திருக்க, நான் பத்து மணி வரை படுத்திருப்பேன். மனைவி துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு ஒரு கிடங்கில் இரவு வேலை கிடைத்தது. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி. எனக்கு வேலை சிரமமாக இல்லை. வீட்டில் உட்கார்ந்து சப்பாத்து மாட்டும் அந்த இரண்டு நிமிடம்தான் சிரமம். ஒரு காலில் மாட்டிவிட்டு மறு காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பேருந்தை இரண்டு முறை தவறவிட்டேன். மூன்றாவது முறை தவறவிட்டால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

அன்று மாலை ஏதோ நினைப்பில் கைப்பேசியில் அம்மாவின் பாட்டைத் தேடிப் போட்டேன். அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அழுகைதான் வந்தது. ஆனால் பாட்டு முடியும்போது சப்பாத்து இரண்டும் காலில் இருந்தன. மறுநாளிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். சப்பாத்து நாடாவில் கை வைக்கும்போது பாட்டைத் தொடங்க வேண்டும். முடிவதற்குள் வாசல் கதவைத் தாண்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான். இரவு முழுக்கச் செய்ய வேண்டிய வேலையைப் பற்றி அப்போது நினைக்கக் கூடாது. அம்மாவின் எட்டு மரக் கணக்கு!

அது என்ன பாட்டு என்று நண்பர்கள் கேட்பார்கள். நான் சொல்வதில்லை. என் அம்மா உங்களுக்கு அம்மா இல்லையே, அந்தப் பாட்டு உங்களுக்கு வேலை செய்யாது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உடற்பயிற்சிக்கு நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டல் உள்ள பாட்டு ஏற்றது என்பார்கள். என் பாட்டு அதில் பாதி வேகம்கூட இருக்குமா என்பது சந்தேகம். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. நினைவு தாளத்தை வென்றுவிடும் என்பது என் அனுபவம்.

தாளமே தேவையில்லை என்று சொல்லவில்லை. நடைப்பயிற்சிக்கோ வீடு கூட்டுவதற்கோ வேண்டுமானால் தாளத்தைப் பாருங்கள். 15 விநாடிக்கு எத்தனை தட்டல் என்று எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். விறுவிறுப்பான நடை என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடியில் தொடங்குகிறது. ஆனால் நம் குத்துப் பாட்டுகளை எண்ணும்போது ஒரு குழப்பம் வரும். அவற்றில் பல ஆறாறாக ஓடும் தாளம். எண்ணினால் கணக்கு எங்கேயோ போய்விடும். எண்ணாமல் எழுந்து நின்று நடந்து பாருங்கள். கால் தானாக எந்தத் தட்டலில் விழுகிறதோ அதுதான் உங்கள் வேகம்.

எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி ஓர் அக்கா நாசி லெமாக் கடை போடுகிறார். விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம்தான் அவருக்கு. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், கவசம் முடிவதற்குள் சம்பலை இறக்கிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. என் அம்மாவை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் இருவரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். பாட்டைக் கேட்டு உணர்ச்சிவசப்பட்டு உட்கார்ந்துவிடுவதில் ஒரு பயனும் இல்லை. பெரிய பெரிய தன்னம்பிக்கைப் பாட்டுகளில் எனக்குள்ள சந்தேகமும் இதுதான். கேட்டு முடித்ததும் எல்லாவற்றையும் சாதித்துவிட்டது போல ஒரு நிறைவு வந்துவிடுகிறது, கை மட்டும் அசைந்திருக்காது. ஒரு பாட்டை ஒரு செயலோடு முடிச்சுப் போட வேண்டும். சப்பாத்து, அடுப்பு, புத்தகத்தின் முதல் பக்கம், கடன்காரருக்குப் போட வேண்டிய தொலைபேசி அழைப்பு, எதுவாகவும் இருக்கலாம். அந்த முடிச்சு இறுகச் சில வாரங்கள் ஆகும்.

முடிச்சு தளர்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க அதையே போட்டால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். காரில், குளியலறையில், விருந்தில் என்று எல்லா இடத்திலும் போடாதீர்கள். எழுப்பொலியாக வைக்கவே வைக்காதீர்கள். பிடித்த பாட்டை எழுப்பொலியாக வைத்தவர்கள், ஆறு மாதம் கழித்து அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். தூக்கத்தைக் கலைக்கும் எரிச்சலோடு அது ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு சின்ன விஷயம், பாட்டைக் கைப்பேசியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் நேரத்தில் யூடியூபில் ஷாம்பு விளம்பரம் வந்தால் எல்லாம் போச்சு.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எஸ்.பி.எம். எழுதப்போகிறவர்கள் பலர் காதில் பாட்டோடுதான் படிக்கிறார்கள். புத்தகத்தில் உள்ள சொற்களும் பாட்டில் உள்ள சொற்களும் மூளையில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. சொற்கள் உள்ள பாட்டு வாசிப்பையும் மனப்பாடத்தையும் கெடுக்கும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உட்காருவதற்கு முன் உங்கள் பாட்டைக் கேளுங்கள். உட்கார்ந்ததும் நிறுத்திவிடுங்கள். பின்னணியில் ஏதாவது ஓடியே தீர வேண்டும் என்றால் வீணையோ புல்லாங்குழலோ போதும்.

மோட்டாரில் போகிறவர்களிடம் கடுமையாகவே சொல்கிறேன். தலைக்கவசத்துக்குள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள். பின்னால் லாரி வருவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். மட்டை முறியும் சத்தம் கேட்ட பிறகு விலக இருக்கும் நேரம் மிகக் குறைவு. தொழிற்சாலையில் பொருள் தூக்கும் வண்டி பின்னோக்கி வரும் ஒலியும் அப்படித்தான். பாட்டு வாசல் வரைக்கும் போதும். அதற்கு மேல் பாட வேண்டுமென்றால் அம்மா செய்தது போல வாயால் பாடுங்கள். ஒலியளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கருவியின் முழு அளவில் 60 விழுக்காட்டுக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

சோகப் பாட்டைப் பற்றிப் பலர் கேட்பார்கள். மனம் கனத்திருக்கும்போது சோகப் பாட்டைக் கேட்டு அழுதால் சிலருக்கு லேசாகிவிடும். வேறு சிலருக்கு அதே பாட்டு பழைய காயத்தைக் கிளறிக்கொண்டே இருக்கும். கேட்டு முடித்த பிறகு எழுந்து ஒரு வேலை செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பரவாயில்லை. அதே பாட்டை நாலாவது முறை போட்டுவிட்டு போத்தலைத் தேடினால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் காதல் தோல்விக் காலத்துப் பாட்டைத் தன் பாட்டாக வைத்திருந்தார். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் ஞாபகம்! அப்படிப்பட்ட பாட்டு எவ்வளவு துள்ளலாக இருந்தாலும் வேண்டாம்.

பாட்டால் ஆகாத நிலையும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த பாட்டைக் கேட்டாலும் ஒன்றுமே தோன்றவில்லை என்றால் அது சோம்பல் இல்லை. அரசாங்க மருந்தகத்தில் சொல்லலாம். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல ஆலோசனை எண் 15555. 2020-இல் நான் யாரிடமாவது பேசியிருந்தால் அந்த மூன்று மாதம் ஒரு மாதமாகக் குறைந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஆம்பிளை அழுவதா என்ற நினைப்பு அப்போது தடுத்துவிட்டது.

பாட்டைத் தேட எங்கே போவது என்று கேட்டால், புதிய பாட்டுப் பட்டியல்களுக்குப் போகாதீர்கள். உங்கள் வாழ்க்கையில் எதையோ முடித்துக்காட்டிய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். கார் உரிமம் எடுத்த நாள், முதல் சம்பளம், தங்கையின் கல்யாணத்தைக் கடனில்லாமல் முடித்த மாதம். அப்போது வானொலியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது? மின்னல் பண்பலையில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிப் போடச் சொன்ன பாட்டாகக்கூட இருக்கலாம். இரண்டு மூன்று எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வாரம் என்று சோதித்துப் பாருங்கள். எது உங்களைச் சீக்கிரம் வாசலுக்குக் கொண்டுபோகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் இப்போது வேலைக்குப் போகிறான். காலை 5.40-க்கு அவன் அறையிலிருந்து ஒரு ராப் பாட்டு வரும். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியாது. தாத்தா பாட்டி காலத்துப் பாட்டை வைத்துக்கொண்டு நான் சப்பாத்து மாட்டுவதைப் பார்த்துச் சிரித்தவன் அவன். ஒரு நாள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று எழுந்து போனேன். கதவைத் தட்டுவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. அவன் வெளியே மோட்டாரைத் தள்ளிக்கொண்டிருந்தான். பசியாறிவிட்டுப் போடா என்று கத்தினேன், “நேரமில்லப்பா” என்றான்.